புதிய அமைப்பில் திறக்கப்பட்ட பல்பொருள் அங்காடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரில் அண்மையில் ஒரு பல்பொருள் அங்காடி புதிய கட்டடத்தில், முற்றாக மாற்றப்பட்ட உள்ளமைப்புடன் திறக்கப்பட்டிருக்கிறது. பழைய கடையில் கண்ணை மூடிக்கொண்டு சாமான் எடுத்தவர்கள் இப்போது பருப்பைத் தேடிப் போய்ச் சவர்க்காரத்தின் முன்னால் நிற்கிறார்கள். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையொன்றில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், அயலவர்களும் உறவினர்களும் இது பற்றி என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். நான் மூன்று தடவைகள் போய்ப் பார்த்தேன்: திறந்த மறுநாள் கூட்டத்துக்குள் ஒரு தடவை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை குறிப்பேட்டுடன் ஒரு தடவை, முழங்கால் வருத்தமுள்ள என் அக்காவை அழைத்துக்கொண்டு ஒரு தடவை. கடையின் பெயரை எழுதவில்லை. இங்குள்ள விடைகளிற் பெரும்பாலானவை எந்தப் பெரிய கடைக்கும் பொருந்தும்.

பழைய கடைக்கும் புதிய கடைக்கும் அமைப்பில் என்னதான் வித்தியாசம்?

பழைய கடை பள்ளிக்கூட வாங்குகள் போல நேர் வரிசைகளால் ஆனது. வாசலில் நின்றாலே எந்த வரிசையில் என்ன இருக்கிறதென்று கடைசி வரை தெரியும். வேண்டிய வரிசைக்குள் நுழைந்து, எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பலாம். புதிய கடையில் சுவரோரமாக ஒரு சுற்றுப்பாதை ஓடுகிறது. அந்தப் பாதையில் முதலில் பழங்களும் மரக்கறிகளும், அடுத்து பாண், பணிஸ் வகைகளும், பின்சுவரில் மீனும் இறைச்சியும், அதற்கப்பால் பாலும் தயிரும் முட்டையும், கடைசியாகக் காசாளர் மேசைகளும் வருகின்றன. அரிசி, மா, சீனி, பருப்பு, தூள் வகைகள், ரின் மீன், சலவைத்தூள் எல்லாம் நடுவில், ஒன்றுக்கொன்று சற்றுச் சாய்வாக நிற்கும் குட்டையான றாக்கைகளில் இருக்கின்றன. சாய்வாக நிற்பதால் ஒரு றாக்கையின் முன்னால் நிற்பவருக்கு அடுத்த றாக்கையின் பொருட்களும் பாதி தெரியும். இந்தப் பாதித் தெரிதல் தற்செயலாக நேர்ந்தது அல்ல.

மரக்கறியை ஏன் வாசலிலேயே வைத்திருக்கிறார்கள்? பாரமான அரிசிக்கு அடியில் தக்காளி நசுங்காதா?

நசுங்கும். வாங்குபவரின் வசதியை மட்டும் நினைத்து ஒழுங்கு செய்திருந்தால் அரிசி மூட்டை முதலிலும் தக்காளி கடைசியிலும் இருந்திருக்கும். மரக்கறி முன்னால் இருப்பதற்குக் காரணம் அதன் நிறம். வெயிலில் இருந்து குளிருக்குள் கால் வைத்ததும் பச்சையும் சிவப்பும் ஈரமும் கண்ணிற் பட்டால், கடை முழுவதுமே இன்று காலை வந்த சரக்கால் நிறைந்திருக்கிறது என்ற எண்ணம் மனதில் விழுந்துவிடும். பிறகு ஆறு மாதத்துக்கு முன் பொதி செய்த பிஸ்கற்றையும் அதே மனதோடுதான் எடுப்போம்.

இதற்குப் பெரிய உபாயம் தேவையில்லை. மரக்கறிப் பகுதியை முதற்சுற்றில் வெறுமனே கடந்து போய், நடு றாக்கைகளை முடித்த பின் திரும்பி வாருங்கள். பாதை ஒருவழிப்பாதை அல்ல. எதிர்த்திசையில் நடந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. நான் செவ்வாய்க்கிழமை அப்படித்தான் நடந்தேன். எதிரே வந்த ஒருவர் தானே பிழையான திசையில் வந்துவிட்டதாக நினைத்து ட்ரொலியைத் திருப்பிக்கொண்டார்.

கீரை பற்றி ஒரு சொல். பொன்னாங்காணியும் வல்லாரையும் நீர் தெளித்த தட்டில் அழகாகத்தான் இருக்கின்றன. ஆயினும் கட்டின் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். வெளியில் இருக்கும் இலை குளிர்ந்திருக்க, நடுவில் சூடும் வழுவழுப்பும் தெரிந்தால் அது நேற்றைய கட்டு. தெளித்த நீர் மேல் இலையைத்தான் காப்பாற்றும்.

பால், தயிர், முட்டை ஏன் கடைசி மூலையில் இருக்கின்றன?

இதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுவதுண்டு, இரண்டும் உண்மை. அநேகமாக எல்லா வீடுகளுக்கும் தேவையான பொருளைத் தூரத்தில் வைத்தால், அதை எடுக்கப் போகிறவர் வழியில் வேறு பத்துப் பொருட்களைக் காண்பார் என்பது ஒன்று. குளிர் அறை கட்டடத்தின் பின்புறத்தில் இருப்பதால், லொறியில் வரும் பால் குளிர் குலையாமல் நேரே குளிரூட்டிக்குள் போக அதுவே கிட்டிய இடம் என்பது மற்றது. பால் வகைகள் 5 பாகை செல்சியஸுக்கு மேற்படாமலும், உறைய வைத்த பொருட்கள் மறை 18 பாகையிலும் இருக்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் இறக்குமேடையிற் கழியும் பத்து நிமிடமும் கணக்கில் வரும்.

புதிய அமைப்பில் எனக்குப் பிடித்த ஒரு மாற்றமும் இங்கேதான் இருக்கிறது. வாசலுக்கு அருகே ஒரு சிறிய குளிரூட்டியில் பாலும் முட்டையும் தனியாக வைத்திருக்கிறார்கள். அவசரத்துக்கு ஒரு பால் பெட்டி வாங்க வந்தவர் கடையைச் சுற்ற வேண்டியதில்லை. ஆனால் அது தூண் ஒன்றின் மறைவில் நிற்பதால் பலர் கவனிப்பதில்லை. வைத்தவர்களுக்கே அதில் அரை மனதோ தெரியவில்லை.

எருமைத் தயிர் மட்டக்களப்பின் சொத்து என்பதால் அதைச் சற்று நின்று பார்த்தேன். சட்டிகள் குளிரூட்டியின் அடித்தட்டில், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்றடுக்கில் இருந்தன. மண்சட்டி குளிரிலிருந்து வெளியே வந்ததும் வியர்க்கும். கட்டியிருக்கும் கடதாசி நனைந்து தளரும். மேற்சட்டியின் அடிப்பாகம் கீழ்ச்சட்டியின் மூடியில் அழுந்தும். நான் எடுத்த சட்டியில் கடதாசியின் ஓரம் ஏற்கெனவே கிழிந்து, ஆடையில் ஒரு விரல் அளவுக்கு வெடிப்பு இருந்தது. கடையில் எதை எங்கே வைத்திருந்தாலும் சரி, தயிரைக் கடைசியாக எடுங்கள். மேலடுக்குச் சட்டியை எடுங்கள். சற்றுச் சரித்துப் பார்த்து நீர் பிரிந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டில் விலை கூடிய பொருட்கள்தான் இருக்குமாமே?

அநேகமாக அப்படித்தான். நிற்பவரின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரம்தான் றாக்கையில் அதிக மதிப்புள்ள இடம். கடைக்கு ஆதாயம் கூடிய பொருட்களும், பெரிய நிறுவனங்களின் பொருட்களும் அங்கே இடம் பிடிக்கும். மலிவான உள்ளூர்ப் பொதிகளும் பெரிய பைகளும் அடித்தட்டுக்குப் போகும். இனிப்பும் பொம்மை போட்ட தானியப் பெட்டிகளும் இடுப்பளவில் இருக்கும். அது பிள்ளைகளின் கண்மட்டம்.

குனிந்து பார்ப்பதோடு நிறுத்தாமல் கணக்கும் பாருங்கள். பெரிய பொதி எப்போதும் மலிவு என்று நினைப்பது தவறு. உதாரணமாக, ஒரு பொருளின் 400 கிராம் பொதி 440 ரூபாவாகவும் 1 கிலோகிராம் பொதி 1,150 ரூபாவாகவும் இருந்தால், சிறியதில் 100 கிராம் 110 ரூபா, பெரியதில் 115 ரூபா. கைபேசியிலுள்ள கணிப்பானில் விலையைக் கிராமால் வகுத்து நூறால் பெருக்கினால் போதும். இந்தக் கடையின் விலைச் சீட்டுகளில் 100 கிராமுக்கான விலை சில பகுதிகளில் மட்டும் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. எல்லாப் பகுதிகளிலும் அச்சிட்டால் நல்லது. எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக்கலாம்.

வாடிக்கையாளரை இப்படி வழிநடத்துவது புதிதாக வந்த பழக்கமா?

இல்லை. வாங்குபவர் தானே பொருளை எடுக்கும் கடை முறை பிறந்தபோதே அதுவும் பிறந்துவிட்டது. 1916 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்தார். அதுவரை அங்கும் கடைக்காரரே மேசைக்குப் பின்னால் நின்று, கேட்ட பொருளை எடுத்துக் கட்டிக் கொடுத்தார். சோண்டர்ஸ் மேசையை அகற்றினார். சுழல் கதவால் ஆட்களை உள்ளே விட்டார். எல்லாத் தட்டுகளையும் கடந்து போனால்தான் காசாளரிடம் வந்து சேரலாம் என்றவாறு வளைந்து வளைந்து செல்லும் ஒரே பாதையை அமைத்தார். அந்த அமைப்புக்கு 1917 இல் காப்புரிமையும் பெற்றார். பணியாளரின் சம்பளம் குறைந்தது. வாங்குபவரின் கைக்கு வேலை கூடியது. அவர் எண்ணி வந்ததை விட அதிகமாக எடுத்தார்.

நான் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்தது 1983 இல். அதே ஆண்டிற்றான் கொழும்பில் கார்கில்ஸ் நிறுவனம் தனது முதலாவது ஃபூட் சிட்டி பல்பொருள் அங்காடியைத் திறந்தது. அது எங்களுக்கு அப்போது எட்டாத செய்தி. எங்கள் கடையில் இடுப்பளவு உயர மேசை, அதன்மேல் தராசு, பின்னால் சாக்குகள். வருகிறவர் துண்டை நீட்டுவார், அல்லது சொல்லுவார்: அரைக் கிலோ சீனி, கால் கிலோ பருப்பு, ஒரு சவர்க்காரம். நாங்கள் நிறுத்துக் கடதாசியில் சுற்றிக் கொடுப்போம். அவருடைய கண்ணில் வேறு பொருள் பட்டாலும் கைக்கு எட்டாது. எங்களிடமும் விளையாட்டு இல்லாமல் இல்லை: நாட்பட்ட சரக்கு முன்சாக்கில் இருக்கும், புதியது உள்ளே இருக்கும், எதை அள்ளுவதென்பது எங்கள் கையில் இருந்தது. அந்த மேசைக்கு முன்னால் நின்றவருக்கு எதையும் தெரிவு செய்யும் உரிமை இருக்கவில்லை. இந்தப் புதிய கடையில் எல்லாவற்றையும் தெரிவு செய்யலாம், ஆனால் எதைக் காண்பது என்பதை இன்னொருவர் தீர்மானித்திருக்கிறார். இந்த இரண்டில் நான் இதையே விரும்புவேன், பாதையை அறிந்துகொண்டு நடப்பவருக்கு.

றாக்கை முனைகளில் குவித்து வைத்திருப்பவை எல்லாம் கழிவு விலையா?

இல்லை. குவித்து வைத்தாலே மலிவு என்று நமக்குத் தோன்றும். பழைய விலையும் புதிய விலையும் சேர்த்து எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள். இல்லாவிட்டால் அதே பொருள் தனது வழக்கமான தட்டில் என்ன விலைக்கு இருக்கிறதென்று ஒருமுறை பார்த்துவிட்டு எடுங்கள்.

ட்ரொலி எடுப்பதா, கூடை எடுப்பதா?

பத்துச் சாமானுக்குக் குறைவென்றால் கூடை. கை வலிக்கத் தொடங்குவதே போதும் என்று சொல்லும் மணி. சில்லு வைத்த வண்டியை 1937 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் தன் கடைகளில் அறிமுகப்படுத்திய சில்வன் கோல்ட்மன், கூடை பாரமானதும் ஆட்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று கண்டுதான் அதைச் செய்தார். முதலில் ஒருவரும் தொடவில்லையாம். ஆட்களை அமர்த்திக் கடைக்குள் தள்ளித் திரியச் செய்தார்.

மீனும் இங்கேயே வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் நான் வாங்குவதில்லை. வாவியும் கடலும் இரு பக்கமும் இருக்கும் ஊரில், காலையில் கரைக்கு வந்த இறாலையும் நண்டையும் சந்தையில் வாங்கும் வழி இருக்கையில், பனிக்கட்டியின் மேல் அடுக்கிய மீனுக்கு அங்காடிக்குப் போவது எனக்கு ஒப்பவில்லை. பின்னேரத்தில் வேலை முடிந்து வருபவர்களுக்கு அது வசதி என்பதை மறுக்கவில்லை. செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கத்தைக் கண்ணாடிக்கு அப்பால் நின்றும் விடாதீர்கள். எடுத்துக் காட்டும்படி கேளுங்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாக வாங்கும் ஊர் என்பதால் இறைச்சி வகைகளைத் தனித்தனிக் குளிரூட்டிகளில், வெட்டும் பலகையும் கத்தியும் வேறாக வைத்திருப்பதைக் கேட்டறிந்தேன். அந்த ஒழுங்கு நன்று.

தட்டில் ஒரு விலை, பில்லில் இன்னொரு விலை வந்தால் என்ன செய்வது?

இது எனக்கே நேர்ந்தது. மைசூர்ப் பருப்பின் விலைச்சீட்டில் இருந்ததை விடப் பில்லில் 35 ரூபா கூடுதலாக இருந்தது. தட்டிலுள்ள சீட்டு வெறும் கடதாசி. காசாளரின் இயந்திரம் பார்ப்பது கணினியிலுள்ள விலையை. கணினியில் விலை மாறி, சீட்டை மாற்ற வேண்டியவர் அந்த வரிசைக்கு இன்னும் வந்து சேராதபோது இந்த வித்தியாசம் வரும். புதிய அமைப்பில் ஆயிரக்கணக்கான சீட்டுகளை ஒரேயடியாக இடம் மாற்றி ஒட்டியிருப்பார்கள் என்பதால் முதல் வாரங்களில் இது கூடுதலாக நடக்க இடமுண்டு. நான் தட்டைக் கைபேசியிற் படம் எடுத்துக் காட்டினேன். மேற்பார்வையாளர் வாதாடாமல் வித்தியாசத்தைத் திருப்பித் தந்தார்.

எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி விலையைக் காட்சிப்படுத்துவதும், கேட்டால் பற்றுச்சீட்டு வழங்குவதும் வியாபாரியின் கடமை. பொதியில் அச்சிட்ட அதிகூடிய சில்லறை விலைக்கு மேல் ஒரு சதமும் வாங்கக்கூடாது. தீர்வு கிடைக்காவிட்டால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பில்லைக் கசக்கி வாசலிலுள்ள குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வருந்தினால் ஒன்றும் செய்ய முடியாது.

பட்டைக்கோட்டின் (பார்கோட்) முதல் இலக்கங்களைப் பார்த்து இலங்கைப் பொருள் என்று அறியலாமா?

முழுமையாக அறிய முடியாது. 479 இல் தொடங்கினால், அந்த இலக்கத்தை எடுத்த நிறுவனம் இலங்கையிற் பதிவு செய்திருக்கிறது என்று பொருள். சரக்கு வேறு நாட்டில் விளைந்து இங்கே பொதி செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். உற்பத்தி செய்த நாட்டைப் பொதியின் பின்புறத்தில் வாசித்தே அறிய வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கத்தரிக்காயை நிறுத்து ஒட்டித் தரும் சீட்டின் பட்டைக்கோட்டு இலக்கம் 2 இல் தொடங்கும். அது கடைக்குள் மட்டும் செல்லுபடியாகும் இலக்கம். அதற்குள்ளேயே பொருளின் குறியீடும், அதனோடு நிறை அல்லது விலையும் அடங்கியிருக்கும். ஆகவே நிறுப்பவர் பிழையான பொத்தானை அழுத்தினால், பயிற்றங்காயைப் போஞ்சி விலைக்குக் கொண்டுபோவீர்கள். காசாளருக்கும் அது தெரியவராது. சீட்டிலுள்ள பெயரைத் தராசடியிலேயே வாசித்துவிடுங்கள்.

பை கொண்டுபோக வேண்டுமா?

ஆம். 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் பைகளை இலவசமாகக் கொடுக்க முடியாது. பையின் விலையும் பில்லில் வரும். பன்புல்லால் இழைத்த பையொன்று வீட்டில் தூசு படிந்து கிடக்கும், தட்டி எடுங்கள்.

முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் இந்த அமைப்பு வசதியானதா?

பாதி வசதி. வாசலில் படிக்குப் பதிலாகச் சாய்தளம் இருக்கிறது. சுற்றுப்பாதையில் இரண்டு ட்ரொலிகள் எதிரெதிரே தாராளமாகப் போகின்றன. சக்கர நாற்காலி நேரே செல்ல ஏறத்தாழ 90 சென்ரிமீற்றரும், ஒரே இடத்தில் முழுவதுமாகத் திரும்ப 1.5 மீற்றர் விட்டமும் தேவை. சுற்றுப்பாதையில் இது உண்டு. நடு றாக்கைகளுக்கு இடையில், வரைபடத்தில் இருந்திருக்கக்கூடும். நான் போன மூன்று நாட்களும் அங்கே பிரிக்காத அட்டைப்பெட்டிகள் நின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் இந்த நாட்டில் 2006 முதல் இருக்கின்றன. அட்டைப்பெட்டிக்கு அவை தெரியாது.

அக்காவின் முறைப்பாடு வேறு. "எல்லாம் வைத்திருக்கிறார்கள் தம்பி, ஒரு கதிரையைத்தான் வைக்கவில்லை" என்றார். உண்மை. சுற்றுப்பாதை நீளமானது, குறுக்கே வெட்டிப் போகும் வழி ஒன்றே ஒன்று, அதுவும் பிஸ்கற் வரிசைக்குப் பின்னால். முழங்கால் வருத்தமுள்ளவர் அரிசியில் இருந்து காசாளரிடம் வர முழுச் சுவரையும் சுற்ற வேண்டியிருக்கிறது. பாண் பகுதிக்கு அருகில் இரண்டு கதிரைகள் போட இடம் இருக்கிறது. வாசலில் உள்ள கருத்துப் பெட்டியில் இதை எழுதிப் போட்டிருக்கிறேன்.

தமிழில் பெயர்ப்பலகைகள் இருக்கின்றனவா?

மும்மொழியிலும் இருக்கின்றன, பெரிய எழுத்தில், கூரையிலிருந்து தொங்குகின்றன. "தானியங்கள்" மட்டும் "தானிங்கள்" ஆகியிருக்கிறது. காசாளர் மேசையில் பேசுவதற்குத் தமிழ்ப் பிள்ளைகள் இருப்பதால் பேச்சில் ஒரு தடையும் இல்லை.

அமைப்பைப் பழகிக்கொண்டபின் இனி மாறாதல்லவா?

மாறும். சுவரோரக் குளிரூட்டிகளும் நீர்க்குழாயோடு பொருத்தியவையும் நிற்கும் இடத்திலேயே நிற்கும். ஆகவே பால், மீன், இறைச்சி எங்கே என்று ஒருமுறை பழகினால் போதும். நடு றாக்கைகள் அப்படி அல்ல. தைப்பொங்கலுக்குப் பச்சரிசியும் சர்க்கரையும் பயறும் வாசலுக்கு வரும். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழம் அந்த இடத்தைப் பிடிக்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு எண்ணெயும் பலகார மாவும். மார்கழியில் கேக் சாமான்கள். ஒவ்வொன்றும் முன்னால் வரும்போது வேறு ஏதோ ஒன்று பின்னால் தள்ளப்படும். அதனால்தான் குறிப்பேட்டில் நான் வரைந்த வரைபடத்தில் சுவரோரத்தைப் பேனையாலும் நடுப்பகுதியைப் பென்சிலாலும் போட்டிருக்கிறேன்.